காவேரித் தண்ணீரைக் கொண்டுவந்தது கார்ப்பரேட்டரா?

ஏரிக்கரைவாசி:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தேர்தல் படம் சுற்றுகிறது. பெங்களூரில் எங்கள் வார்டின் முன்னாள் கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி உறுப்பினர், கைகூப்பி நிற்கிறார். கீழே கொட்டை எழுத்தில், "உங்கள் வீட்டுக்குக் காவேரித் தண்ணீர் கொண்டுவந்த தமிழ்மகன். தமிழர் ஓட்டு தமிழருக்கே!" இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கிராஸில் (குறுக்குத் தெருவில்) புதுக் குழாய் போட்டதற்குக் கல்வெட்டு இருக்கிறது. பிள்ளையார் கோயில் சுவரை ஒட்டி, பால் பூத்துக்குப் பக்கத்தில். அதில் மார்ச் 2021 என்று வெட்டியிருக்கிறார்கள். பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு பெங்களூரில் ஒரு கார்ப்பரேட்டர்கூடக் கிடையாது, அரசு நியமித்த நிர்வாக அதிகாரிதான். பதவியே இல்லாதவர் 2021-இல் எப்படிக் குழாய் போட்டார்? யாராவது பதில் சொல்லுங்கள்.

தங்கவயல் மைந்தன்:
வந்துவிட்டார் தணிக்கை அதிகாரி. ஐயா, கல்வெட்டில் இருப்பது திறப்பு விழாத் தேதி. வேலைக்கு உத்தரவு எப்போது வந்தது, ரோட்டை வெட்ட அனுமதி வாங்க யார் அலைந்தார்கள் என்று கல்வெட்டில் எழுதமாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் பாதி பெங்களூர் நின்றுபோயிருந்தது. அதனால் தள்ளிப்போனது. அவர் தமிழர் என்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது, வேறொன்றும் இல்லை.

ஏரிக்கரைவாசி:
எனக்கா தமிழர் என்றால் உறுத்தல்? என் தாத்தா கண்டோன்மென்டில் வெள்ளைக்காரன் காலத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அல்சூரில் நாலு தலைமுறை. எனக்குத் தமிழ்ப் பற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வாருங்கள். காவேரிக் குழாய் போடுவது குடிநீர் வாரியம். அது 1964-லிருந்து தனி வாரியம், மாநில அரசின் கையில் இருக்கிறது. மாநகராட்சி மன்றத்துக்கு அங்கே அதிகாரமே இல்லை. தொறேகாடனஹள்ளியில் பம்ப் வைத்து ஏற்றி, ஹாரோஹள்ளியில் ஏற்றி, தாதகுணியில் ஏற்றி, நூறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. ஒரு வார்டு கார்ப்பரேட்டர் தன் வார்டு நிதியில் போர்வெல் போடலாம், காசு போட்டால் கேன் நிறைகிற சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாம், தெருவிளக்கு போடலாம், நடைபாதைக் கல் பதிக்கலாம். காவேரியைக் கொண்டுவர முடியாது. மார்ச் 2021-இல் நிச்சயமாக முடியாது.

செகண்ட் கிராஸ் அக்கா:
தம்பிகளா, ரெண்டு பேரும் குழாயைத் திறந்து பார்த்தீர்களா? வால்வு திறக்கிறவர் விடிகாலையில் வந்து அந்த நீளச் சாவியைத் திருகினால் முதலில் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. மீட்டர் காற்றிலேயே சுற்றுகிறது. சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) முழங்கால் அளவு ஏறுவதற்குள் நின்றுவிடுகிறது. கொண்டுவந்தது யாராக இருந்தால் என்ன, வாரம் மூன்று நாள் ஒழுங்காக விடவைக்கிறேன் என்று எந்த வேட்பாளராவது எழுதிக் கொடுப்பாரா?

இன்னொன்று. சட்டப்படி பாதி வார்டுகள் பெண்களுக்கு. போன தடவை எங்கள் பக்கம் ஓர் அம்மா ஜெயித்தார். ஆபீசில் உட்கார்ந்தது வீட்டுக்காரர். முத்திரைக்குப் போனால் "சாரைப் பாருங்கள்" என்பார்கள். இந்தத் தடவையும் அதே கதைதான் என்றால் எனக்கு ஓட்டுப் போடப் போக மனமில்லை.

தங்கவயல் மைந்தன்:
அக்கா, உங்கள் பேச்சு வேறு. அதை அப்புறம் பேசுவோம். ஏரிக்கரை ஐயா ரோட்டை வெட்டும் அனுமதியைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? வாரியம் குழாய் போடும், சரி. ரோடு யாருடையது? மாநகராட்சியுடையது. வெட்டியபின் மூடி, தார் போடுவது யார்? மாநகராட்சி. அந்த அனுமதிக்காக அவர் நேரில் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் கூடவே போனவன்.

ஏரிக்கரைவாசி:
கூடவே போனவர் என்று நீங்களே சொன்னீர்கள், சந்தோஷம். இப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கும் யார் எதற்காக எழுதுகிறார்கள் என்று. கல்வெட்டில் மார்ச் 2021. பதவி முடிந்தது செப்டம்பர் 2020. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவர் யார்? சாதாரண குடிமகன். என்னைப் போல.

வொயிட்பீல்டு வாசகன்:
நான் வெளியிலிருந்து வந்தவன், தலையிட்டால் மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் பழைய 198 வார்டுக் கணக்கில் பேசுகிறீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள். மொத்தம் 369 வார்டுகள். மேற்கில் 112, வடக்கிலும் தெற்கிலும் தலா 72, மத்தியில் 63, எங்கள் கிழக்கில் வெறும் 50. எல்லை மாறியிருக்கிறது. அந்த முன்னாள் கார்ப்பரேட்டரின் வார்டு இப்போது அதே வார்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் அடுக்ககத்தில் 2024 கோடையில் டேங்கருக்குக் கொட்டிக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. அதே வருஷம் அக்டோபர் 16-இல் ஐந்தாம் கட்டக் காவேரித் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜப்பான் கடன், நாளைக்கு 77.5 கோடி லிட்டர், விளிம்பில் இருக்கும் 110 கிராமங்களுக்கு. அதையும் எந்த வேட்பாளராவது "நான் கொண்டுவந்தேன்" என்று படம் போடுவார், பாருங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. "தமிழர் ஓட்டு தமிழருக்கே" என்கிறார்களே, தமிழர் என்று யாரைச் சொல்கிறார்கள்? வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்து, கன்னடத்தில் பிரசாரம் செய்கிறவர் எந்தக் கணக்கு?

தங்கவயல் மைந்தன்:
குரு, உங்களுக்கு ஓட்டு சேலத்தில். இங்கே தண்ணீர் வரவில்லை என்றால் வேறு அடுக்ககத்துக்குப் போய்விடுவீர்கள். எங்களுக்குப் போக இடம் கிடையாது. 1991 காவேரிக் கலவரத்தில் கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களுடையது. அப்போது தெருவில் வந்து நின்ற தலைவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் மன்றத்தில் நம் ஆள் ஒருவர் வேண்டும் என்கிறோம். ரோடு வெட்ட அனுமதி வாங்கித் தந்தது அவர்தான். எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வொயிட்பீல்டு வாசகன்:
என் ஓட்டு சேலத்தில் இல்லை. எட்டாம் எண் படிவம் கொடுத்து எப்போதோ இங்கே மாற்றிவிட்டேன். தெரியாமல் பேசாதீர்கள்.

காக்ஸ்டவுன் பேரன்:
1991 என்று எடுத்ததால் கேட்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அதே வருஷம் வைக்கப்பட்டு, சாக்குத் துணிக்குள் 18 வருஷம் இருந்தது. 2009 ஆகஸ்ட் 9-இல்தான் கலைஞர் வந்து திறந்தார், எடியூரப்பா பக்கத்தில் இருந்தார். நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. இரண்டு முதல்வர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்த காரியம். அந்த 18 வருஷத்தில் இந்த மாநகராட்சியில் தமிழ் பேசும் உறுப்பினர்களே இல்லையா? இருந்தார்கள். என்ன ஆயிற்று? மன்றத்தில் நம் ஆள் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை.

ஏரிக்கரைவாசி:
அப்படிச் சொல்லுங்கள் பேரன்! நான் நாலு வரியில் சொல்லவந்ததும் இதுதான். ஆனால் சிலையை விடுங்கள், சிலைக்கு யாரும் படம் போட்டு ஓட்டுக் கேட்கவில்லை. தண்ணீருக்குக் கேட்கிறார்கள். கல்வெட்டுக்கு வாருங்கள்.

மைந்தன் சொல்லும் "ரோடு வெட்டும் அனுமதி"யை எடுத்துக்கொள்வோம். அனுமதி கொடுப்பது பொறியாளர்கள். விண்ணப்பிப்பது வாரியம். கட்டணம், வரைபடம், எல்லாம் அலுவலகத்துக்கு அலுவலகம் போகிற தாள். நடுவில் ஒருவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தால் அது மக்கள் பணியாகிவிடுமா? அவர் பதவியில் இருந்தபோது வார்டு கமிட்டி எத்தனை தடவை கூடியது? மாதம் ஒரு தடவையாவது கூட வேண்டும் என்று இருந்தது. நான் போய் நின்றிருக்கிறேன், பூட்டுதான் தொங்கியது. கூடியிருந்தால் குழாய்ப் பிரச்சினையை அங்கேயே எழுதிவைத்திருக்கலாம். அதைச் செய்யாதவர் இப்போது காவேரியையே தோளில் சுமந்து வந்ததாகப் படம் போடுகிறார்.

தங்கவயல் மைந்தன்:
வார்டு கமிட்டிக்குப் போனாராம்! நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கணக்கைக் கேட்டு மூன்று பேர் உங்கள் வாசலில் நின்றார்களே, அன்று எந்தக் கமிட்டிக்குப் போயிருந்தீர்கள்? பந்தலுக்கு எவ்வளவு, கரும்புக்கு எவ்வளவு என்று இன்றுவரை ஒரு தாள் வந்ததா? ஊர்க் கணக்கைக் கேட்கிறவர் முதலில் தன் கணக்கைக் காட்டட்டும்.

ஏரிக்கரைவாசி:
கணக்கு சங்க அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தது. படிக்க வராதவர்களுக்கு நான் பொறுப்பல்ல. பேச்சை மாற்றாதீர்கள். மார்ச் 2021.

செகண்ட் கிராஸ் அக்கா:
பலகையில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

ஏரிக்கரைவாசி:
அக்கா, நீங்களுமா? ஒட்டியது எங்கள் பொருளாளர். மழையில் கிழிந்திருக்கும்.

காக்ஸ்டவுன் பேரன்:
பொங்கலுக்கு ஏது மழை?

தங்கவயல் மைந்தன்:
நன்றி பேரன். இப்போது அரசியலுக்கு வருகிறேன். அவருக்குக் கட்சி டிக்கெட் கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நிற்பார், நின்று ஜெயிப்பார். 2015 மாநகராட்சித் தேர்தல் நினைவிருக்கிறதா? 198-இல் பாஜகவுக்கு 100. காங்கிரசுக்கு 76, ஜனதா தளத்துக்கு 14. ஆனாலும் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தது காங்கிரஸ். ஏன்? அப்போது மேயர் தேர்தலில் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் ஓட்டு இருந்தது. அதோடு சுயேச்சைகள் போன பக்கம் தராசு சாய்ந்தது. அப்படி ஒரு தமிழர் உள்ளே இருந்தால் இரண்டு பெரிய கட்சிகளும் நம் தெருவுக்குத் தேடி வரும். இந்தக் கணக்கு புரியாமல் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஏரிக்கரைவாசி:
அப்படியென்றால் அவர் விலை பேசப் போகிறார் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நல்லது.

எனக்குக் கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கிராஸில் கிழவிகள் பலர் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவேரித் தண்ணீர் வந்தது பெரிய விஷயம். அந்தப் படத்தைக் காட்டி, "பாட்டி, இவர்தான் உனக்குத் தண்ணீர் கொடுத்தார்" என்று பையன்கள் வீடு வீடாகச் சொல்கிறார்கள். அவர்கள் நம்புகிறார்கள். மாதாமாதம் தங்கள் காசில் வாரியத்துக்குப் பில் கட்டிவிட்டு, ஒரு மனிதருக்கு நன்றிக்கடன் பட்டதாக நினைக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. நின்று ஓட்டுக் கேட்கட்டும், தமிழர் என்று சொல்லிக்கூடக் கேட்கட்டும். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

தங்கவயல் மைந்தன்:
கிழவிகள் மேல் இவ்வளவு பாசம் என்றால் அந்தக் கிராஸில் வடிகால் அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த இரவு எங்கே இருந்தீர்கள்? மோட்டார் கொண்டுவந்தது யார்? போட்டோ இருக்கிறது. போடட்டுமா?

ஏரிக்கரைவாசி:
போடுங்கள். அதில் நானும் இருப்பேன். வாளியோடு.

வொயிட்பீல்டு வாசகன்:
நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தங்கவயல் மைந்தன்:
உங்கள் கிழக்கு மாநகராட்சிக்காரர்களிடம் போய்க் கேளுங்கள். 50 வார்டுதானே, சீக்கிரம் பதில் கிடைக்கும்.

செகண்ட் கிராஸ் அக்கா:
போன தேர்தலில் பாதிப் பேர்கூட ஓட்டுச் சாவடிக்கு வரவில்லை. இங்கே இப்படிக் கத்துகிற நீங்கள் எத்தனை பேர் வந்தீர்கள்? நான் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஐந்து பேர்தான்.

ஏரிக்கரைவாசி:
நான் காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டேன். மைந்தன் எப்போது வந்தார் என்று கேளுங்கள்.

தங்கவயல் மைந்தன்:
எப்போது வந்தால் என்ன? வந்தேன். பொங்கல் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் இதே இடத்தில் நான் தனி இழை தொடங்குவேன்.