அடுப்பு மாறினால் பெண்களின் நேரம் எங்கே போகிறது? தரவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சமையல் எரிவாயு வந்த வீட்டில் பெண்களுக்கு மிச்சமாகும் நேரம் கூலி வேலைக்குப் போகிறதா, பிள்ளைகளுக்கா, ஓய்வுக்கா? இதுதான் என் முதுகலை ஆய்வேடு. (மாட்டுக்குத்தான் போகும் என்கிறார் என் பாட்டி.)

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்திருக்கிறேன். ஒரு நாளின் 24 மணி நேரமும் அரை மணித் துண்டுகளாக அதில் பதிவாகியிருக்கிறது. வீட்டின் முதன்மைச் சமையல் எரிபொருளும் உண்டு. ஆனால் எரிவாயு உள்ள வீடு பெரும்பாலும் வசதியான வீடு. வேறுபாடு அடுப்பால் வந்ததா, பணத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் திணறுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் மின்சாரம் பெண்களின் வேலைவாய்ப்பைக் கூட்டியதை ஆராய்ந்த டேரின் டிங்கில்மன் (2011), நிலத்தின் சாய்வைக் கருவி மாறியாக (மின்சாரம் வருவதைப் பாதிக்கும், ஆனால் வேலைவாய்ப்பை நேரடியாகத் தொடாத காரணியாக) எடுத்துக்கொண்டார். மேடு பள்ளமான ஊரில் கம்பி இழுக்கச் செலவு அதிகம் அல்லவா! சிலிண்டருக்கு அப்படி எதைப் பிடிப்பது? 2016இல் தொடங்கிய உஜ்வாலா இணைப்புகளின் மாவட்ட வேறுபாட்டை யோசித்தேன். அது ஏழை வீடுகளைக் குறிவைத்த திட்டம் என்பதால் தயக்கம். போதாக்குறைக்கு, இணைப்பு வாங்கிவிட்டு விறகையே எரிக்கும் வீடுகளும் இருக்கின்றன.

இந்தத் தரவில் வேலை செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். தமிழ்நாட்டையும் சேர்த்து ஆறு மாநிலங்களில் 1998-99இல் நடந்த பழைய கணக்கெடுப்பின் தனிநபர் தரவு கையில் இருந்தால் இன்னும் நல்லது.