விஎம்முக்கு பிரிட்ஜ் போட்டபோது நடந்தது: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து

விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) பழகியவர்களுக்கு 10.0.2.15 என்ற எண் மனப்பாடமாகியிருக்கும். எதையும் மாற்றாமல் விட்டால் நாட் முறையில் விஎம்முக்கு, அதாவது உள்ளே ஓடும் அந்தக் கணினிக்கு, அந்த முகவரிதான் வரும். மாடி போர்ஷனில் குடியிருந்துகொண்டு வீட்டுக்காரர் முகவரியில் கடிதம் வாங்குகிற மாதிரி. வெளியே போகலாம், ஆனால் தேடி வருகிறவருக்கு வழி தெரியாது. பிரிட்ஜ் போட்டால் விஎம்முக்கென்று தனிக் கதவு எண் கிடைத்துவிடும். தனி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), தனி ஐபி. ரூட்டரைப் பொறுத்தவரை அது சுவிட்சில் கேபிள் செருகிய இன்னொரு கணினி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு லினக்ஸ், அதில் விஎம் ஓட்டும் கேவிஎம், இரண்டு விஎம்கள். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டை நிறுவியதும் தானாக வரும் விர்பிஆர்0 நெட்வொர்க்கில், 192.168.122 என்று தொடங்கும் முகவரியில் அவை இருந்தன. பில் போடும் மென்பொருளை ஒரு விஎம்மில் வைக்க வேண்டும், ஆறு மேசையிலிருந்தும் அது திறக்க வேண்டும் என்றார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வழி) நுழைந்தேன். பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ் உருவாக்கினேன். சர்வரின் நெட்வொர்க் கார்டான ஈஎன்பி3எஸ்0-வை அதில் சேர்த்து என்டர் தட்டினேன். அவ்வளவுதான். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது, எதைத் தட்டினாலும் ஓர் எழுத்துகூட விழவில்லை.

காலை எட்டு மணிக்கு வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் போய், பக்கத்து மேசை மானிட்டரைக் கழற்றி சர்வரில் மாட்டினேன். கார்டின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. கேபிளில் குறையில்லை. ஐபி முகவரி மட்டும் இன்னும் கார்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. தவறு அங்கேதான். பிரிட்ஜில் சேர்ந்த கார்டு, சுவிட்சின் ஒரு போர்ட் மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே வரும் ஃபிரேம் (தகவல் பொட்டலம்) எல்லாம் பிரிட்ஜுக்குத்தான் போகும். சர்வரின் முகவரி பிஆர்0-வுக்கு மாற வேண்டும். கார்டிலிருந்து முகவரியை எடுத்ததும் டிஃபால்ட் ரூட்டும் (வெளியே போகும் வழி) சேர்ந்து போய்விடும் என்பதால், அதையும் புதிதாகப் போட வேண்டும்.

இப்போது தொலைவிலிருந்து இந்த வேலை செய்தால், ஐந்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி ஷட்டவுன் கட்டளையை முதலில் கொடுத்து வைக்கிறேன். பிரிட்ஜ் உருவாக்குவது, கார்டைச் சேர்ப்பது, முகவரியை மாற்றுவது, ரூட் போடுவது எல்லாம் ஒரே ஸ்கிரிப்ட்டில். ஒவ்வொன்றாகத் தட்டினால் பாதியில் இணைப்பு அறுந்து, மீதிக் கட்டளை போய்ச் சேராது. ஐபி கட்டளையால் செய்த மாற்றம் ரீபூட்டில் அழிந்துவிடும், அதனால் தப்பானாலும் சர்வர் தானே பழையபடி எழுந்து வரும். சரியாக வந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டு, உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பில் நிரந்தரமாக எழுதலாம். நெட்பிளானிலேயே ‘ட்ரை’ இருக்கிறதே, 120 வினாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆக்கிவிடுமே என்று கேட்கலாம். பிரிட்ஜுக்கு எஸ்டிபி (நெட்வொர்க் சுழற்சியைத் தடுப்பது), ஃபார்வர்ட் டிலே (போர்ட் திறக்கக் காத்திருக்கும் நேரம்) மாதிரி அமைப்புகளைக் கோப்பில் எழுதியிருந்தால், அவற்றைத் திருப்பி வைக்க முடியாது என்று அது மறுத்துவிடும். அதனால் இந்த வேலைக்கு அதை நம்பி இறங்குவதில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். எந்த இடத்தில் பாக்கெட் நின்றது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணா, நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு. லேப்டாப்பில் வைஃபை மட்டும்தான். விர்ச்சுவல்பாக்ஸில் பிரிட்ஜ் தேர்ந்தெடுத்ததும் விஎம்முக்கு வீட்டு ரூட்டரிலிருந்தே ஐபி வந்தது, ஃபோனிலிருந்து விஎம்மைத் திறக்கவும் முடிந்தது. ப்ராஜெக்ட்டுக்காக கேவிஎம்முக்கு மாறினேன். நீங்கள் சொன்ன மாதிரி பிஆர்0 உருவாக்கி வைஃபை கார்டைச் சேர்க்கப் போனால் ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று ஒரே வரியில் மறுக்கிறது. இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஓடிய நாளில் ரூட்டரின் ஏஆர்பி பட்டியலைப் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) படம் எடுத்து வைத்திருந்தேன். லேப்டாப்பின் ஐபிக்கும் விஎம்மின் ஐபிக்கும் நேராக ஒரே மேக் முகவரி. விஎம் அமைப்பில் 08:00:27 என்று தொடங்கும் முகவரி இருந்ததே, அது எங்கே போயிற்று?

திருச்சியிலிருந்து

தம்பி, அந்தப் படத்திலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. டிரைவரில் கோளாறு இல்லை.

வைஃபையில் லேப்டாப்பிலிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (உங்கள் வீட்டில் ரூட்டர்தான்) போகும் ஃபிரேமில் மூன்று முகவரிக்குத்தான் இடம். அனுப்பும் ரேடியோவும் ஃபிரேமின் மூல முகவரியும் அதில் ஒன்றேதான். ‘என் வழியாக இன்னொருவர் அனுப்புகிறார்’ என்று எழுத அதில் தனி இடம் கிடையாது. கடவுச்சொல் கொடுத்துச் சேர்ந்தது உங்கள் லேப்டாப்பின் மேக் மட்டும். விஎம்மின் மேக்கோடு ஒரு ஃபிரேம் போனால் ஆக்சஸ் பாயின்ட் அதை ஏற்றுக்கொள்ளாது. நான்கு முகவரி முறை ஒன்று உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். அதனால்தான் லினக்ஸ் முன்கூட்டியே மறுத்துவிடுகிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் இதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வைஃபை வழியாகப் போகும்போது விஎம்மின் மேக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பின் மேக்கைப் போட்டு அனுப்பும். திரும்பி வரும்போது ஐபியைப் பார்த்து எது விஎம்முக்கு உரியது என்று பிரித்துக் கொடுக்கும். கேவிஎம்மும் பிரிட்ஜும்தான் வேண்டுமென்றால் ஒரு கேபிள் வாங்கிவிடுங்கள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னையிலிருந்து

எனக்கு மூன்று நாள் போனது. பிரிட்ஜ் ஒரு வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர். ஒரு திங்கட்கிழமை விஎம் எதற்கும் ஐபி வரவில்லை. நெட்வொர்க்கில் யாரும் கை வைக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், யாரும் வைக்கவில்லை.

விஎம்முக்குக் கையால் ஒரு ஐபி கொடுத்துப் பார்த்தேன். சர்வரிலிருந்து பிங் போகிறது. பக்கத்துக் கணினியிலிருந்து போகவில்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு ஜன்னலில் ஓட்டினேன். ஒன்று விஎம்மின் பக்கமுள்ள விநெட்0-வில், மற்றது கேபிள் பக்கமுள்ள கார்டில். விநெட்0-வில் டிஎச்சிபி டிஸ்கவர் (‘எனக்கு ஒரு ஐபி கொடுங்கள்’ என்ற கேள்வி) ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கார்டு பக்கத்து ஜன்னலில் ஒன்றுகூட இல்லை. ஆக, நடுவில் பிரிட்ஜுக்குள்ளேயே யாரோ விழுங்குகிறார்கள்.

சனிக்கிழமை அதே சர்வரில் ஒருவர் டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டுவது) நிறுவியிருந்தார். அது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்), வழியாகக் கடந்து போகும் பாக்கெட்டுக்கான ஃபார்வர்ட் வரிசையின் பொதுவிதியை ‘டிராப்’ என்று மாற்றிவிடும். 2017இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து இப்படித்தான். பிரிட்ஜுக்குள் போகும் ஃபிரேமுக்கும் ஐபிடேபிள்ஸுக்கும் சாதாரணமாகச் சம்பந்தமில்லை. ஆனால் பிஆர் நெட்ஃபில்டர் என்ற மாட்யூல் ஏறியிருந்தால் பிரிட்ஜ் போக்குவரத்தும் அந்த வரிசை வழியாகத்தான் போகும். டாக்கர் அதையும் ஏற்றியிருந்தது. சர்வரும் விஎம்மும் பேசும்போது ஃபார்வர்ட் வரிசை குறுக்கே வராது, அதனால்தான் அந்த பிங் மட்டும் போனது.

பிரிட்ஜ் ஐபிடேபிள்ஸை அழைப்பதை சிஸ்சிடிஎல்லில் (கெர்னல் அமைப்பை மாற்றும் கட்டளை) பூஜ்யமாக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். கன்டெய்னர்களுக்கு டாக்கர் போட்டிருக்கும் தடுப்பும் அந்த வழியை நம்பியிருக்கலாம், அதனால் எனக்கு அதில் சம்மதமில்லை. டாக்கர்-யூசர் என்ற செயினில் (நம் விதிகளுக்கென்று டாக்கர் விட்டிருக்கும் வரிசை), பிஆர்0-வில் நுழைந்து பிஆர்0-விலேயே வெளியேறுவதை அனுமதி என்று ஒரே ஒரு விதி சேர்த்தேன். அடுத்த நொடி இரண்டாம் ஜன்னலிலும் வரிகள் ஓட ஆரம்பித்தன.

கோவையிலிருந்து

பயிற்சி வகுப்புக்காக ஒரு உபுண்டு விஎம்மைப் படியெடுத்துப் பன்னிரண்டு ஆக்கினேன். பன்னிரண்டும் பிரிட்ஜில், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மேக். ஆனால் எல்லாம் ஒரே ஐபியோடு எழுந்து வந்தன! ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே விழுந்தார். மேக்கைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கடைசியில் பார்த்தால், அந்த உபுண்டுவில் டிஎச்சிபி கேட்கும்போது அடையாளமாகப் போவது மேக் இல்லை, மெஷின்-ஐடி என்ற கோப்பில் இருக்கும் கணினியின் அடையாளத்திலிருந்து உருவாகும் எண். படியெடுத்ததில் அந்தக் கோப்பும் அப்படியே வந்திருந்தது. மூல விஎம்மில் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி படியெடுத்ததும், ஒவ்வொன்றுக்கும் புதிய எண்ணும் தனி ஐபியும் வந்தன. நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளம் மேக்தான் என்று எழுதினாலும் போதும்.

பெங்களூரிலிருந்து

வேலை பார்த்த ஒரு இடத்தில் மேசைக் கணினியில் பிரிட்ஜ் போட்டு விஎம்மை ஓட்டினேன். அரை நிமிடத்தில் என் கணினிக்கே நெட்வொர்க் போய்விட்டது. ஒரு போர்ட்டில் ஒரு மேக்தான் என்று சுவிட்சில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள், இரண்டாவதைப் பார்த்ததும் போர்ட்டையே மூடிவிட்டது. நெட்வொர்க் பார்க்கும் சாரிடம் போய்ச் சொன்ன பிறகு திறந்துவிட்டார். பிரிட்ஜ் போடுவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. சென்னை நண்பரின் இரண்டு ஜன்னல் முறையை இனி நானும் செய்வேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சர்வரின் மேக்குக்கு ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கியிருப்பவர்கள் கவனியுங்கள். முகவரி கேட்பது இப்போது பிஆர்0. அதன் மேக் கார்டின் மேக்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய உபுண்டுகளில் தனியாக ஒன்று உருவாகிவிடுகிறது. நெட்பிளானில் பிரிட்ஜின் கீழ் கார்டின் மேக்கையே எழுதிவிட்டால் ஒதுக்கிய ஐபி மாறாது.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணா, பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கி, ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து ஜன்னல் ஓரமாக என் அறை வரை இழுத்துவிட்டேன். கேபிள் கார்டு பிஆர்0-வில் மறுக்காமல் சேர்ந்தது. ரூட்டர் பட்டியலில் இப்போது லேப்டாப்புக்கு ஒரு மேக், அதற்குக் கீழே 52:54:00 என்று தொடங்கும் விஎம்மின் சொந்த மேக். தங்கை அவள் ஃபோனில் என் ப்ராஜெக்ட் பக்கத்தைத் திறந்து, “எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு” என்றாள். அதைத்தான் இப்போது சரி செய்துகொண்டிருக்கிறேன்.