டெல்டாமெத்ரின் தாள் சோதனை: ஒரே ஊர்க் கொசு, மூன்று தடவை மூன்று விடை. எதை நம்புவது?

மலையோரம்:

வணக்கம். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் மலேரியா கொசு ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஏழு மாதமாகக் களப்பணியில் இருக்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கூட வேலை பார்க்கிறவர்களும் என்னைப் போலப் புதியவர்கள். வழிகாட்ட வேண்டியவர் அடுத்த மாதம்தான் வருகிறார், அதனால் இங்கே கேட்கிறேன்.

அனோபிலிஸ் குலிசிஃபாசிஸ் கொசுவை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனை செய்கிறோம். டெல்டாமெத்ரின் என்ற கொசு மருந்து 0.05 சதவீதம் ஏற்றிய தாள். குழாய்க்கு 25 பெண் கொசு வீதம் நான்கு குழாய். வெறும் எண்ணெய்த் தாள் வைத்த ஒப்பீட்டுக் குழாய் இரண்டு. ஒரு மணி நேரம் தாளோடு வைத்துவிட்டு, மருந்தில்லாத பச்சைப் புள்ளிக் குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுகிறோம்.

முதல் தடவை 100-க்கு 88 செத்தது. இரண்டாம் தடவை 67. மூன்றாம் தடவை 97. மூன்றும் ஒரே கிராமம், மூன்று வார இடைவெளிக்குள் செய்தவை.

மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். 97 என்றால் ஏறக்குறைய எல்லாம் சரி, 67 என்றால் பெரிய சிக்கல். சராசரி போட்டு 84 என்று எழுதிவிடலாம் என்கிறார் கூட இருப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொன்று, நாங்கள் கொசு பிடிப்பதைப் பார்த்த ஆஷா தீதி (கிராமச் சுகாதாரப் பணியாளர்), "மருந்துக்குக் கொசு சாகவில்லையாமே, அப்படியானால் நாங்கள் கொடுத்த மருந்து பூசிய கொசுவலை வீணா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நெல்லைக்காரி:

சராசரி வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: ஒப்பீட்டுக் குழாயில் ஒவ்வொரு தடவையும் எத்தனை செத்தது? கொசு எங்கிருந்து வந்தது, புழுவாக எடுத்து வளர்த்ததா, தொழுவத்தில் பிடித்ததா? தாள் எத்தனையாவது முறை? அறையின் வெப்பமும் ஈரப்பதமும் குறித்து வைத்திருக்கிறீர்களா?

மலையோரம்:

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன் அக்கா.

முதல் தடவை: ஓடைக்கரைக் குட்டைகளில் புழு எடுத்து வளர்த்தவை, வயது 3 முதல் 5 நாள், ரத்தம் குடிக்காதவை. ஒப்பீட்டில் 50-க்கு 2 சாவு.

இரண்டாம் தடவை: மாட்டுத்தொழுவத்தில் விடியற்காலை டார்ச்சும் உறிஞ்சுகுழாயும் வைத்துப் பிடித்தவை. ஏறக்குறைய எல்லாமே வயிறு நிறைய ரத்தத்தோடு. ஒப்பீட்டில் 50-க்கு 9.

மூன்றாம் தடவை: இதுவும் தொழுவம்தான், ஆனால் ஜீப் பழுதாகி ஆய்வறைக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. ஒப்பீட்டில் 50-க்கு 11. அன்று வெப்பம் 33 டிகிரி, ஈரப்பதம் 48 சதவீதம். மின்சாரம் இல்லை. தாள் மூன்று தடவையும் அதே தாள்கள்தான்.

நெல்லைக்காரி:

பார்த்தீர்களா, விடை உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

மூன்றாம் தடவையை அப்படியே தூக்கிப் போடுங்கள். 50-க்கு 11 என்றால் 22 சதவீதம். ஒப்பீட்டில் 20 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் அந்தச் சோதனையே செல்லாது. அந்த 97 மருந்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. வெயில், வறட்சி, ஜீப் குலுக்கல் எல்லாமும் சேர்ந்து கொன்றிருக்கும். மூன்றிலும் பார்க்க நன்றாக இருக்கும் எண்தான் செல்லாத எண் என்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள், அந்த ஊருக்கு அடுத்த வருடமும் அதே மருந்துதான் போகும்.

இரண்டாம் தடவையில் ஒப்பீட்டுச் சாவு 18 சதவீதம். 5-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் ஆபட் சூத்திரப்படி திருத்த வேண்டும். 67-இல் 18-ஐக் கழித்தால் 49. நூறில் 18-ஐக் கழித்தால் 82. 49-ஐ 82-ஆல் வகுத்தால் 60 சதவீதம்.

முதல் தடவையில் ஒப்பீட்டுச் சாவு 4 சதவீதம், திருத்தமே தேவையில்லை. 88 என்பது 88-தான். 98-உம் மேலும் என்றால் மருந்துக்குப் பணிகிறது, 90 முதல் 97 வரை சந்தேகம், மறுபடி செய்து பார்க்க வேண்டும், 90-க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. ஆக உங்களிடம் நம்பத் தகுந்த எண் ஒன்றுதான் இருக்கிறது. அது எதிர்ப்பு இருப்பதாகச் சொல்கிறது.

பழைய களப்பணியாளர்:

அம்மா சொன்னது சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

88-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பெரும்பங்கு ரத்தம். வயிறு நிறைந்த பெண் கொசுவுக்கு உடல் எடை கூடும். ரத்தத்தைச் செரிக்க உடலின் நொதிகள் முழு மூச்சாக வேலை செய்கிற நேரம் அது, மருந்தும் அதோடு சேர்ந்து உடைபடும். அதனால் கூடுதலாகத் தாங்கும். தொழுவத்தில் பிடித்ததன் வயதும் நமக்குத் தெரியாது. கிழட்டுக் கொசு சீக்கிரம் சாகும். அதனால்தான் 3 முதல் 5 நாள் வயது, ரத்தம் குடிக்காதது என்று வரையறை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 60-ஐக் குப்பையில் போடாதீர்கள். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இந்தியாவில் பெரும்பாலான சோதனை தொழுவத்தில் பிடித்த, ரத்தம் குடித்த கொசுவில்தான் நடந்தது. மலைக் கிராமத்தில் கைக்குக் கிடைப்பது அதுதான். அந்த வட்டாரத்தின் பழைய பதிவோடு ஒப்பிட வேண்டுமானால் அதே முறையில் எடுத்த எண் வேண்டும். தனிப் பத்தியில், "ரத்தம் குடித்தவை, தொழுவம்" என்று தெளிவாக எழுதி வையுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

அப்புறம் தாள். ஒரு தாளை ஆறு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் மூன்றுதான், அது பரவாயில்லை. ஆனால் மின்சாரம் போன நாளில் குளிர்பெட்டியும் நின்றிருக்குமே? தாளுக்கு 4 டிகிரி வேண்டும், எடுத்தவுடன் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். தாள் கெட்டிருந்தால் கொசு சாகாது, நாம் எதிர்ப்பு என்று எழுதிவிடுவோம். மருந்தையே பார்த்திராத ஆய்வகக் கொசு எந்தக் கொசு வளர்ப்பகத்திலாவது கிடைக்கும். அதில் 50 கேட்டு வாங்கி, அதே தாளில் வையுங்கள். எல்லாம் செத்தால் தாள் நல்ல தாள். இதைச் செய்யாமல் எதிர்ப்பு என்று எழுதி, பிறகு தலை குனிந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனை அறை 27 டிகிரி, இரண்டு கூடக் குறைய இருக்கலாம். ஈரப்பதம் 75, பத்து கூடக் குறைய. ஈரத் துணியைக் குழாய்களைச் சுற்றித் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது. தொழுவத்திலிருந்து வரும்போது கூண்டின் மேல் ஈரத் துண்டு போடுங்கள், வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.

மூலக்கூறு:

எதிர்ப்பு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், ஏன் இருக்கிறது என்பதையும் பாருங்கள். முடிவு அதை வைத்துத்தான் மாறும்.

பைரித்ராய்டும் (டெல்டாமெத்ரின் இந்த வகை மருந்துதான்) டிடிடியும் கொசு நரம்பின் சோடியம் வாய்க்காலில்தான் போய் ஒட்டும். அந்த வாய்க்காலில் 1014-ஆவது இடத்தில், லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபினைல்அலனினோ செரினோ வந்துவிட்டால் இரண்டு மருந்துமே சரியாக ஒட்டாது. கேடிஆர் என்பது அதுதான். இந்தியக் குலிசிஃபாசிஸில் இரண்டு மாற்றமும் பதிவாகியிருக்கின்றன. பல பத்தாண்டு டிடிடி அடித்த மாவட்டத்தில், பைரித்ராய்டு வருவதற்கு முன்பே கொசு பாதி தயாராகி இருந்தது என்று வையுங்கள்.

இன்னொரு வழி, பி450 நொதிகள் மருந்தை ஒட்டும் முன்பே உடைத்துவிடுவது. இதைக் களத்திலேயே பார்க்கலாம். பி.பி.ஓ. (பைப்பெரோனில் பியூட்டாக்சைடு) 4 சதவீதத் தாளில் முதலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு டெல்டாமெத்ரின் தாளுக்கு மாற்றுங்கள். பி.பி.ஓ. அந்த நொதிகளைக் கட்டிப்போடும். இறப்பு விகிதம் ஏறினால் நொதிதான் காரணம். ஏறாவிட்டால் வாய்க்கால் மாற்றமோ வேறேதோ. பி.பி.ஓ. மட்டும் வைத்த ஒரு குழாயும் ஒப்பீட்டுக்கு வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால். 1996-இல் அங்கே வீட்டுச் சுவருக்கு டிடிடி அடிப்பதை நிறுத்திப் பைரித்ராய்டுக்கு மாறினார்கள். பல காலமாகக் கண்ணிலேயே படாத அனோபிலிஸ் ஃபியூனெஸ்டஸ், 1999-இல் மருந்தடித்த வீட்டுக்குள்ளேயே பிடிபட்டது. பைரித்ராய்டை உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. 2000-இல் அந்த நாட்டில் மலேரியா 60,000 பேரைத் தாண்டியது. ஆனால் அதே கொசு டிடிடிக்குச் செத்தது, ஏனென்றால் சிக்கல் வாய்க்காலில் இல்லை. டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், நோய் மளமளவென இறங்கியது. (2001-இல் மலேரியா மாத்திரையையும் மாற்றினார்கள், அந்தப் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது.) கேடிஆர் உள்ள ஊரில் இதே வேலையைச் செய்திருந்தால் பணமும் ஒரு பருவமும் வீணாகியிருக்கும்.

மலையோரம்:

எல்லாருக்கும் நன்றி. மறுபடி முதலிலிருந்து செய்கிறேன். ஆஷா தீதிக்கு என்ன சொல்வது என்று யாராவது சொன்னால் நல்லது. பி.பி.ஓ. இவ்வளவு உதவும் என்றால் எல்லா வலையிலும் அதைச் சேர்த்துவிட வேண்டியதுதானே?

நெல்லைக்காரி:

வலை வீணில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். குழாய்க்குள் கொசுவுக்குத் தப்ப இடமில்லை, சாகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். வீட்டில் வலை முதலில் ஒரு திரை. கிழியாத வலைக்குள் படுத்தவரை எதிர்ப்புள்ள கொசுவாலும் கடிக்க முடியாது. எதிர்ப்பு கூடும்போது போவது என்னவென்றால், வலையைத் தொட்ட கொசு சாகாமல் அடுத்த வீட்டுக்குப் போகும். வலை இல்லாதவருக்கும் கிடைத்து வந்த பாதுகாப்புதான் குறைகிறது. அதனால் ஓட்டையைத் தைக்கச் சொல்லுங்கள், லேசான சோப்பில் அலசி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். வெயிலில் விரித்தால் மருந்து சீக்கிரம் போய்விடும்.

தீதியிடம் பேசும்போது "எதிர்ப்பு" என்ற சொல்லையே தவிர்த்துவிடுங்கள். அது ஊருக்குள் "வலை வேலை செய்யாது" என்றுதான் போய்ச் சேரும், ஒரே வாரத்தில் வலை எல்லாம் பரணுக்குப் போய்விடும்.

மூலக்கூறு:

எல்லா வலையிலும் பி.பி.ஓ. என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை என்று ஒன்று உண்டு. அந்த மருந்து கொசு உடலுக்குள் போனபின், அதே பி450 நொதியால் மாற்றப்பட்டுத்தான் விஷமாகும். பிறகு உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்திவிடும். நரம்பில் அதற்கு வேலையே இல்லை, அதனால் கேடிஆர் அதைத் தடுக்காது. நொதி கூடுதலாக உள்ள கொசு இதற்கு இன்னும் நன்றாக மாட்டும். அங்கே போய் பி.பி.ஓ.வால் நொதியைக் கட்டிப்போட்டால் நாமே மருந்தைக் கெடுத்த மாதிரி. தான்சானியாவின் மிசுங்வியில் நடந்த பெரிய ஆய்வில் இந்த வலை வழக்கமான பைரித்ராய்டு வலையைவிடக் குழந்தைகளை நன்றாகக் காத்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம், பைரித்ராய்டு எதிர்ப்பு உள்ள இடங்களுக்கு இதை வலுவாகப் பரிந்துரைத்தது. இதைச் சோதிக்க நேர்ந்தால் 24 மணி நேரத்தில் எண்ணாதீர்கள், 72 மணி நேரம் வரை பாருங்கள். மெதுவாகத்தான் கொல்லும்.

பழைய களப்பணியாளர்:

ஒன்று மறந்துவிட்டேன். தொழுவத்துக் குலிசிஃபாசிஸை வைத்து மட்டும் அந்த மலையின் மலேரியாவை முடிவு செய்யாதீர்கள். குலிசிஃபாசிஸ் என்பது ஒரே இனம் இல்லை, ஏ, பி, சி, டி, இ என்று கண்ணால் பிரிக்க முடியாத ஐந்து உடன்பிறப்பு இனங்கள். ஒடிசாவில் பி-யும் சி-யும் உண்டு. பி பெரும்பாலும் மாட்டைத்தான் கடிக்கும். ஓடையோரக் கிராமங்களில் மனிதனைத் தேடி வந்து கடிப்பது அனோபிலிஸ் ஃப்ளுவியாட்டிலிஸ். புல் மண்டிய, மெல்ல ஓடுகிற ஓடைக்கரையில் புழு தேடுங்கள். அது எண்ணிக்கையில் குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதையும் தனியாகச் சோதிக்காமல் அறிக்கை முழுமையாகாது.

மலையோரம்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மழை வந்துவிட்டதால் புழு நன்றாகக் கிடைத்தது. எல்லாம் வளர்த்த கொசு, ரத்தம் குடிக்காதவை. அறை 27 டிகிரி, ஈரத் துணி கட்டி ஈரப்பதம் 78 வரை வந்தது.

ஆய்வகக் கொசு 50-உம் செத்தது, தாள் நல்ல தாள். எங்கள் ஊர்க் குலிசிஃபாசிஸ் 100-க்கு 84, ஒப்பீட்டில் 50-க்கு 1. பி.பி.ஓ. கொடுத்த பிறகு 100-க்கு 98, பி.பி.ஓ. மட்டும் வைத்த குழாயில் சாவே இல்லை. வழக்கத்தைவிட ஐந்து மடங்கு டெல்டாமெத்ரின் உள்ள தாளில் நூறும் செத்தது.

ஃப்ளுவியாட்டிலிஸ் இதுவரை 31-தான் கிடைத்திருக்கிறது. தினமும் ஓடைக்குப் போகிறேன்.

தீதியோடு நான்கு வீட்டில் உட்கார்ந்து வலை தைத்தோம்.

நெல்லைக்காரி:

அருமை தம்பி. எதிர்ப்பு உறுதி, ஆனால் ஐந்து மடங்கில் எல்லாம் செத்ததால் வலிமை குறைந்த எதிர்ப்பு, முக்கியக் காரணம் நொதி. அறிக்கையில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள். செல்லாத அந்த 97-ஐயும் காரணத்தோடு பின்னிணைப்பில் போடுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும். பி.பி.ஓ.வால் 98 வந்துவிட்டது என்பதற்காகக் கேடிஆர் இல்லவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செத்ததையும் பிழைத்ததையும் தனித்தனிக் குப்பியில், சிலிக்கா மணிகளோடு பத்திரமாக வையுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்போது அந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

மலையோரம்:

பிழைத்த 16-உம் குப்பியில் இருக்கிறது அக்கா. செத்ததை நேற்று வரை ஒரே டப்பாவில் போட்டிருந்தேன், இன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண் எழுதிவிடுகிறேன்.