பூனை, நாய் தங்காத அறை: புதுச்சேரி, கடலூரில் எப்படித் தேடுவது?

தென்பெண்ணை கேட்டது:

தை மாசம் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். அதையொட்டிப் புதுச்சேரியில் இரண்டு ராத்திரி, கடலூரில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். கூட வரும் பையனுக்கு ஒன்பது வயது. பூனை ஒவ்வாமை பரிசோதனையில் உறுதியாகிவிட்டது, நாய்க்கும் லேசாக உண்டு. மூக்கடைப்பில் ஆரம்பித்து வீசிங்கில் போய் நிற்கும்.

புக்கிங் தளங்களில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்று ஃபில்டர் இருக்கிறது. 'அனுமதி இல்லை' என்று தேட வழி தெரியவில்லை. எந்தப் பகுதியில் தேடலாம், ஓட்டலில் என்ன கேட்க வேண்டும், அறைக்குள் போனதும் எதைப் பார்க்க வேண்டும்? ஏர் பியூரிஃபயர் தூக்கிக்கொண்டு வந்தால் பிரயோஜனம் உண்டா?

சங்கராபரணி:

அந்த ஃபில்டரைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். 'அனுமதி உண்டு' என்று தட்டினால் வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, முழுப் பட்டியலிலிருந்து அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் ஆரம்பப் பட்டியல். ஆனால் 'அனுமதி இல்லை' என்பது விருந்தினருக்கான விதி மட்டும். உரிமையாளர் வளர்க்கும் பூனையை அது கட்டுப்படுத்தாது, தெருப்பூனையையும் கட்டுப்படுத்தாது. அதனால் மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: விருந்தினர் கொண்டுவருவது, வளாகத்திலேயே வளர்வது, வெளியிலிருந்து வந்து போவது. ஏர்பிஎன்பியில் வளாகத்தில் பிராணி வளர்ந்தால் பாதுகாப்புத் தகவல் பகுதியில் ஒரு வரி இருக்கும். மேக்மைட்ரிப்பில் விடுதி விதிகளுக்குள் பாருங்கள்.

அதைவிட நம்பகமான இடம் விமர்சனங்கள். ஆங்கிலத்தில் பூனை, நாய், குட்டி என்பதற்கான சொற்களைப் போட்டுத் தேடுங்கள். 'வராந்தாவில் ஒரு அழகான பூனை எங்களோடேயே இருந்தது' என்று சந்தோஷமாக எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது பாராட்டு, உங்களுக்கு எச்சரிக்கை. விருந்தினர் எடுத்த படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். சோபாவின் ஓரத்தில் நகக்கீறல், படிக்கட்டுக்கு அடியில் சின்னக் கிண்ணம், எல்லாம் அதில்தான் அகப்படும்.

பகுதி என்று பார்த்தால், ஒயிட் டவுனில் ரூ துமா, ரூ ரொமேன் ரோலான் பக்கம் இருக்கும் பழைய வீட்டு விடுதிகள் பார்க்க அழகுதான், ஆனால் உங்கள் தேவைக்குச் சிக்கல். திறந்த முற்றம், ஓட்டுக்கூரை, ஒட்டி ஒட்டி நிற்கும் மதில் சுவர்கள். பூனைக்கு எல்லாமே பாதை. தந்திராயன்குப்பம், குயிலாப்பாளையம் பக்கத்து ஹோம்ஸ்டேக்களில் வளர்ப்பு நாய் இருக்க வாய்ப்பு அதிகம். அண்ணா சாலை, காமராஜர் சாலை, புதிய பேருந்து நிலையம் சுற்றியுள்ள சாதாரண அடுக்குமாடி ஓட்டல்களை முதலில் பாருங்கள். இரண்டாம் மாடிக்கு மேல், மூடிய தாழ்வாரம், டைல்ஸ் தரை. கடற்கரைக்குப் பத்து நிமிடம் ஆட்டோவில் போனால் போகிறது.

குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறையில் உங்கள் தேதி விழுந்தால் இப்போதே பதிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் வேறு அறை மாற்றித்தரச் சொன்னால் இருக்காது. இலவச ரத்து உள்ள கட்டணத்தையே எடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

மூணாவதுமாடி:

ஹவுஸ்கீப்பிங் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்றேன். கால் சென்டருக்குப் போன் பண்ணாதீங்க. ஓட்டலோட நேரடி நம்பருக்குக் காலை 11 மணிக்கு மேல, செக்-அவுட் நெரிசல் தணிஞ்சப்புறம் பேசுங்க. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரைக் கேளுங்க. எந்த அறையில யார் தங்கினாங்க, மெத்தை எப்ப மாத்தினாங்கங்கறது அவருக்குத்தான் தெரியும். பேசின பிறகு அதையே வாட்ஸ்அப்பில எழுதி அனுப்பிப் பதில் வாங்கிக்குங்க. இப்படி எழுதினா போதும்:

'பையனுக்குப் பூனை, நாய் ஒவ்வாமை, ஆஸ்துமாவும் உண்டு. கடந்த ஆறு மாதத்தில் பூனையோ நாயோ தங்காத அறை வேண்டும். உரிமையாளரோ ஊழியரோ வளாகத்தில் பிராணி வளர்க்கிறார்களா? சாப்பிடும் இடத்துக்குத் தெருப்பூனை வருமா? அறையில் கார்ப்பெட், துணி சோபா உண்டா? ஏசி ஃபில்டரை எப்போது கழுவினீர்கள்? அறை எண்ணைக் குறிப்பிட்டு உறுதி செய்யவும்.'

கடைசி வரி ரொம்ப முக்கியம். அறை எண் இல்லாத வாக்குறுதி ஷிஃப்ட் மாறினதும் காணாமப் போயிடும்.

அறையில ஒவ்வொரு விருந்தினருக்கும் மாத்தறது பெட்ஷீட், தலையணை உறை, துண்டு. பல இடங்கள்ல கனமான போர்வை, கட்டில் குறுக்கே போடற அலங்காரத் துணி, குஷன், திரைச்சீலை இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் துவைக்கப் போகாது. அதனால நீங்க வர்றதுக்கு முன்னாடியே அலங்காரத் துணியையும் குஷனையும் எடுத்துடச் சொல்லுங்க. கனமான போர்வைக்குப் பதிலா துவைச்ச பெட்ஷீட் இரண்டு கூடுதலாக் கேளுங்க. இதை யாரும் மறுக்க மாட்டாங்க, செலவே கிடையாது.

சுத்தம் பண்ற நேரத்தையும் சொல்லணும். துடைப்பத்தால பெருக்கினா தூசி எழும்பும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்துகளைப் பின்பக்கமா மறுபடி அறைக்குள்ளேயே ஊதிடும். ஈரத்துணியால ஃபேன் இறக்கை, கட்டில் தலைமாடு, ஏசி மேல்பாகம், அப்புறம் தரை. எல்லாம் நீங்க வர்றதுக்கு மூணு நாலு மணி நேரம் முந்தி முடிஞ்சிருக்கணும். ரூம் ஸ்ப்ரே, ஊதுவத்தி வேண்டாம்னு தனியாச் சொல்லுங்க. 'மணக்க மணக்க வெச்சிருக்கோம்'னு அன்பாத்தான் செய்வாங்க, ஆனா வீசிங் உள்ள குழந்தைக்கு அந்த வாசனையே தூண்டிவிடும்.

உப்பனாறு:

மேலே சொன்னதற்கு எல்லாம் காரணம் ஒன்றுதான், அதைத் தெரிந்துகொண்டால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒவ்வாமை தருவது உரோமம் இல்லை. பூனையின் தோல் சுரப்பியிலும் எச்சிலிலும் உண்டாகும் ஒரு புரதம். முக்கியமானதன் பெயர் ஃபெல் டி 1. நாய்க்கு கேன் எஃப் 1. பூனை உடம்பை நக்குகிறது, எச்சில் காய்ந்து பொடியாகிறது, அது காற்றில் கலக்கிறது. கரப்பான், தூசிப்பூச்சி இவற்றின் துகள்கள் பெரிது, கிளறினால் எழும்பிச் சீக்கிரம் படிந்துவிடும். பூனைப் புரதத்தில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறிய துகளில் இருக்கிறது, மணிக்கணக்கில் மிதக்கும். பசைபோல் ஒட்டும் தன்மையும் உண்டு. சுவர், மெத்தை, மனிதர்களின் உடை எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். வீட்டை விட்டுப் பூனையை அனுப்பிய பிறகும் அளவு இறங்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். 'ஆறு மாதத்தில்' என்று கேட்கச் சொன்னது அதனால்தான். உரோமம் உதிராத இனம், ஒவ்வாமை தராத இனம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி அறை எடுக்காதீர்கள். எல்லா இனமும் அந்தப் புரதத்தை உண்டாக்கும்.

பியூரிஃபயர் உதவும், கணக்கோடு வாங்கினால். பெட்டியில் சிஏடிஆர் என்று, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என ஓர் எண் இருக்கும். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,440 கன அடி, அதாவது ஏறக்குறைய 41 கன மீட்டர். ஐந்தால் பெருக்கினால் சுமார் 205. அதே அளவு அறை, பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் 15 அடி உயரம் என்றால் 305 வேண்டும். பலர் தரைப் பரப்பை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இன்னொன்று: அந்த எண் முழு வேகத்துக்கானது. இரவு 'ஸ்லீப்' மோடில் போட்டால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சத்தம் பொறுத்துக்கொள்ள முடியாதென்றால் ஒரு அளவு பெரியதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். நுண்துகளைப் பிடிக்கும் உண்மையான ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும், ஓசோன் வெளியிடும் வகை வேண்டாம், அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். பியூரிஃபயர் காற்றில் மிதப்பதை மட்டும்தான் பிடிக்கும். மெத்தைக்குள் இருப்பதை அது தொடாது. அதற்கு ஜிப் வைத்த, நெருக்கமான நெசவுள்ள மெத்தை உறை, தலையணை உறை. துணியின் துளை 6 மைக்ரானுக்குள் இருந்தால்தான் பூனைப் புரதம் நிற்கும். தூசிப்பூச்சிக்கு 10 மைக்ரான் போதும். வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். மெத்தை உறையைத் தூக்கி அலைய முடியாவிட்டால் தலையணையை மட்டுமாவது வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். எட்டு மணி நேரம் முகம் அதில்தான் கிடக்கிறது.

ஏசியை நம்பிவிட வேண்டாம். ஸ்பிளிட் ஏசியில் இருப்பது நூல் பிசிறு பிடிக்கும் வலை, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் புளோயரில் ஈரத்தூசியும் பூஞ்சையும் சேர்ந்திருக்கும், போட்ட முதல் சில நிமிடங்களில் அது வெளியே வரும். ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பையனை உள்ளே விடுங்கள். புதுச்சேரி, கடலூர் இரண்டுமே கடலோர ஈரப்பதம். பூனையே இல்லாத அறையிலும் தூசிப்பூச்சியும் பூஞ்சையும் அதே மூக்கடைப்பைத் தரும். சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறிய அறை, மூடிக்கிடந்த வாடை, இரண்டில் எது இருந்தாலும் அறையை மாற்றுங்கள்.

மருந்து விஷயம் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள், ஒன்றே ஒன்று சொல்கிறேன்: தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைப் பயணத்தில் விட்டுவிடாதீர்கள். அது நாள்கணக்கில் சேர்ந்து வேலை செய்வது. உடனடி நிவாரண இன்ஹேலரும் அதில் மாட்டும் குழாயான ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் போடும் பெட்டியில் வேண்டாம். ராத்திரியில் அவசரம் என்றால் ஒயிட் டவுனிலேயே இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. 108 இரண்டு பக்கமும் வரும்.

கெடிலக்கரை:

கடலூர் பாதிக்கு நான். இங்கே சுற்றுலா விடுதிகளைவிட வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களே அதிகம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பாருங்கள். அந்த வகை அறையில் டைல்ஸ் தரை, ரெக்சின் நாற்காலி, ஒரு திரைச்சீலை, முடிந்தது. துணி குறைவு என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. சில்வர் பீச் பக்கம் போய்க் காற்று வாங்கிவிட்டு வரலாம், தங்குவதை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் ஒரே நாளில் பல கல்யாணம் நடக்கும், கடலூர் லாட்ஜ்கள் முந்தின நாளே நிரம்பிவிடும். கல்யாண வீட்டார் மொத்தமாக அறை போட்டிருந்தால் உங்கள் அறையை மட்டும் தனியாக, எண் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் சாவி கொத்தாக வந்து யார் கையில் எது கிடைக்கிறதோ அதுதான். புதுச்சேரியிலிருந்து கடலூர் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால், நல்ல அறை புதுச்சேரியில் அமைந்துவிட்டால் மூன்று ராத்திரியும் அங்கேயே இருந்துகொண்டு விடியற்காலை கிளம்புவதையும் யோசியுங்கள். ஒரு அறையைச் சரிபார்ப்பதே பெரிய வேலை, இரண்டாவது எதற்கு?

தென்பெண்ணை:

எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப் செய்தியை நாலு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்தில் மட்டும் அறை எண்ணோடு பதில் வந்திருக்கிறது: 'மூன்று வாரம் முன்பு ஒரு விருந்தினர் நாயோடு தங்கினார், அதற்குப் பிறகு முழுக்கக் கழுவி மருந்து அடித்துவிட்டோம்' என்கிறார்கள். மரத்தரை, துணி சோபா ஒன்று இருக்கிறது. எடுக்கலாமா?

உப்பனாறு:

அந்த அறை வேண்டாம். மருந்தடிப்பது பூச்சியைக் கொல்லும், புரதத்தை நீக்காது. மரத்தரை பிரச்சினை இல்லை, சோபாதான் பிரச்சினை. ஆனால் ஒளிக்காமல் சொன்னார்கள் பாருங்கள், அதற்காகவே அந்த ஓட்டலை விடாதீர்கள். வேறு மாடியில் நாய் தங்காத அறை கேளுங்கள்.

மூணாவதுமாடி:

அதேதான். மாடி வேறயா இருந்தா நல்லது, ஒரே தள்ளுவண்டி, ஒரே துடைப்பான் அறைக்கு அறை போறதும் குறையும்.

அறைக்குப் போனதும் ஒருத்தர் மட்டும் முதல்ல உள்ள போங்க, பையனும் பெட்டியும் லாபியில இருக்கட்டும். விளக்கை அணைச்சு, செல்போன் டார்ச்சைத் தரையோட படுக்க வெச்சு அடிங்க. கட்டிலுக்கு அடியில முடி இருந்தா பளிச்சுனு தெரியும். அகலமான செலோ டேப்பை மெத்தை விளிம்பிலயும் நாற்காலி மடிப்பிலயும் ஒட்டி எடுத்துப் பாருங்க. கதவோட கீழ்ப்பக்கம் கீறல் இருக்கா? ஏசி முன்மூடியைத் தூக்கி வலையைப் பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தாலும் அறை சுத்தம்னு முழுசா அர்த்தம் இல்லை, கண்ணுக்குத் தெரியாததுதான் அதிகம். ஆனா சரியில்லைன்னா உடனே திரும்பிடலாம், அப்பதான் மாத்தித் தர்றது அவங்களுக்கும் சுலபம். பெட்டியைப் பிரிச்சு, குளிச்சு, படுக்கையில உட்கார்ந்த பிறகு கேட்டா இழுபறிதான்.

கெடிலக்கரை:

ஒன்று விட்டுப்போச்சு. அறையைச் சுத்தமாக வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தால், பூனை வளர்க்கும் உறவுக்காரர் தூக்கிக் கொஞ்சின பட்டுச்சட்டையோடேயே பையன் படுக்கையில் விழுவான். வந்ததும் உடையைக் குளியலறையிலேயே கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் பிறகு கட்டிலுக்கு அனுப்புங்கள்.