இடுப்புத்தளப் பயிற்சியா, ஏந்துதசைப் பயிற்சியா?

வணக்கம்.

சிறுநீர் ஒழுகாமல் காக்கும் தசைகளுக்கான பயிற்சியை (pelvic floor exercise) தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற பேச்சில், 'இடுப்புத்தளப் பயிற்சி' என்ற சொல்லே இருக்கட்டும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். உடற்கூற்றுப் பாடத்துக்கு அது போதும். பயிற்சி செய்யப்போகிறவருக்குப் போதாது.

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அறுவை முடிந்து, சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்த அன்று அப்பாவிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். 'இடுப்புத்தளத் தசைகளை இறுக்கவும், தினமும் மூன்று வேளை.' மறுநாள் காலையில் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். 72 வயது. அவர் மேல் என்ன தப்பு? தமிழில் இடுப்பு என்றால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடம்.

இந்தத் தசைகளோ அதற்கு வெகு கீழே இருக்கின்றன. முன்னால் அடிவயிற்றின் கீழ் முனையில் இருக்கும் பூப்பெலும்பு தொடங்கிப் பின்னால் வாலெலும்பு வரை தொட்டில் துணி போல விரிந்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும்போது, சிறுநீர்ப்பையின் கழுத்து தானாக மூடிக்கொள்ளும் வலுவும் குறைந்துபோகிறது. அப்புறம் சிறுநீர் ஒழுகாமல் இருக்க, சிறுநீர் வரும் வழியைச் சுற்றி மூடும் வெளிச் சுருக்குத்தசையும் இந்தத் தொட்டிலும்தான் கதி.

நீங்கள் சொன்ன மற்றச் சொற்களில் 'அடக்குதசை' எனக்கும் பிடித்தது. 'அடக்க முடியலை' என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால், முட்டிக்கொண்டு வரும் சிறுநீரை அடக்குவதே பயிற்சி என்று நினைத்துவிடுவார்கள். பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஓரிரு முறை மட்டும், பழக்கமாக்கக் கூடாது. யோகத்தில் வரும் 'மூலபந்தம்' சொல்லும் இடம் சரி. மூச்சடக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். இங்கே மூச்சு இயல்பாகப் போய்வர வேண்டும். 'கெகல் பயிற்சி' அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் பெண்களுக்காக எழுதியது, பெயரில் பொருளும் தெரியாது.

என் முன்மொழிவு: ஏந்துதசை, ஏந்துதசைப் பயிற்சி. 'தாங்கு' என்றால் தூண் போல அசையாமல் நிற்பது. 'ஏந்து' என்பதில் கீழிருந்து மேலே என்ற திசை இருக்கிறது. அப்பாவிடம் அந்தச் சொல்லையே வைத்துச் சொன்னேன்: "காற்று பிரியாம நிறுத்துற மாதிரி, விதை லேசா மேல ஏறுற மாதிரி உள்ள ஏந்துங்கப்பா. தொடை, பிட்டம், வயிறு இறுகக் கூடாது." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, இதுவா!" என்றார்.

5 முதல் 10 விநாடி ஏந்தி, அதே அளவு நேரம் விட வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை. விடுவதும் பயிற்சியில் பாதி. அதற்குத் 'தளர்த்தல்' வேண்டாம். தளர்ச்சி என்றாலே வயதானவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 'இறக்கல்' என்று வைக்கலாம்.

இன்னொன்றுக்கும் பெயர் பாக்கி. இருமும் முன், தும்மும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன் சட்டென்று ஏந்திக்கொள்வது. ஒழுகலைத் தடுக்க அன்றாடம் கைகொடுப்பது இதுதான். 'முன்னேந்தல்' என்று எழுதிப் பார்த்தேன். சொல்லிப் பார்த்தால் 'முன்னேற்றம்' போலக் காதில் விழுகிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.