கணினி தொடங்கும்போது என்எஃப்எஸ் கோப்புறை மவுண்ட் ஆவதில்லை

கேள்வி:
வீட்டு நாஸ் பெட்டியிலுள்ள (நெட்வொர்க் வழியே கோப்புகளைத் தரும் சேமிப்புப் பெட்டி) ஒரு கோப்புறையை, டெபியன் 12 லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு முறை) வழியாகப் பயன்படுத்தி வருகிறேன். எவற்றை மவுண்ட் செய்ய (கணினியின் கோப்புறை அமைப்பில் இணைக்க) வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கான வரியை எழுதி, நெட்வொர்க் தேவை என்று குறிக்கும் ‘_நெட்டெவ்’ விருப்பத்தையும் சேர்த்திருக்கிறேன். ஆயினும் கணினி தொடங்கும்போது அது மவுண்ட் ஆவதில்லை. உள்நுழைந்த பின் ‘மவுண்ட் -ஏ’ (அந்தப் பட்டியலிலுள்ளவற்றை மவுண்ட் செய்யும் கட்டளை) கொடுத்தால் உடனே வந்துவிடுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. நாஸ் அணைந்திருக்கும் வேளையில் ‘டிஎஃப்’ (வட்டு இடத்தைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் டெர்மினல் உறைந்துவிடுகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அசைவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு. கையால் கொடுக்கும்போது மவுண்ட் ஆகிறது என்பதால், நாஸ் பக்கத்து எக்ஸ்போர்ட் (பகிர்வு) அமைப்பையோ ஃபயர்வாலையோ குடைய வேண்டியதில்லை. நெட்வொர்க் தயாராகும் முன்பே முயற்சி நடந்து தோற்கிறது என்றே தோன்றுகிறது. வகை என்எஃப்எஸ் என்று எழுதியிருந்தாலே சிஸ்டம்டி (கணினியின் தொடக்கத்தையும் சேவைகளையும் கவனிக்கும் நிரல்) அதை நெட்வொர்க் சார்ந்ததாக எடுத்துக்கொள்ளும் என்பதால், ‘_நெட்டெவ்’ இங்கே புதிதாக எதையும் செய்யாது. நீங்கள் வைஃபை பயன்படுத்துகிறீர்களா? அதன் கடவுச்சொல் உங்கள் கணக்கின் கீரிங்கில் (கடவுச்சொல் பெட்டகத்தில்) இருந்தால், நீங்கள் உள்நுழையும் வரை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரால் இணைய இயலாது. ‘ஜர்னல்சிடிஎல் -பி’ கட்டளை இந்தத் தொடக்கத்தின் பதிவுகளில் காட்டும் நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
வைஃபைதான். மவுண்ட் தோற்ற நேரம், வைஃபை இணைந்த நேரத்துக்கு முந்தையதாகவே இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால், வைஃபை இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் உரியதாக மாற்றினால் கடவுச்சொல் கணினி அளவில் சேமிக்கப்பட்டு, உள்நுழைவதற்கு முன்பே இணைப்பு கிடைக்கும். ஆனால் மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஆட்டோமவுண்ட். எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஆட்டோ,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்று சேர்த்துவிட்டு, ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். அதன்பின், அந்தக் கோப்புறையை யாரேனும் திறக்கும்போதுதான் மவுண்ட் நடக்கும். ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=600’ என்பதையும் சேர்த்தால், பத்து நிமிடம் பயன்படுத்தாதபோது அது தானே விலகிக்கொள்ளும்; நாஸ் அணையும் நேரத்தில் கோப்புறை மாட்டியபடியே இருக்கும் வாய்ப்பும் அதனால் குறையும்.

பதில் 3:
உறைவதைப் பற்றி: என்எஃப்எஸ்ஸின் இயல்பான நிலை ‘ஹார்ட்’. சர்வர் பதில் தரும் வரை அது விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ‘சாஃப்ட்’ (சிறிது நேரத்தில் கைவிட்டுப் பிழை தருவது) போடுங்கள் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது சர்வர் போய்விட்டால், பிழையைக் கவனிக்காத நிரல் பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி நகர்ந்துவிடும். படிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்திருந்தாலன்றி அதைத் தொடாதீர்கள். ‘டைமியோ’ (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) மதிப்பை மாற்ற நினைத்தால், அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பதை மனத்தில் கொள்ளுங்கள்; 600 என்றால் 60 நொடி. பழைய வழிகாட்டிகள் சொல்லும் ‘இன்டர்’ (காத்திருக்கும் நிரலை நிறுத்த விடுவது) விருப்பத்தால் இப்போது பயனில்லை, 2.6.25 கெர்னல் முதல் அது புறக்கணிக்கப்படுகிறது, சிக்கிய நிரலை ‘கில் -9’ மட்டுமே நிறுத்தும். அதன் பிறகு ‘யுமவுண்ட் -எல்’ கொடுத்துக் கோப்புறையை விடுவிக்கலாம். வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் ‘டிஎஃப் -எல்’ போதும். அது உள்வட்டுகளை மட்டுமே கணக்கிடும்.