அன்னா மணி கட்டுரை: முதல் பத்தியில் எது வர வேண்டும்?

வைகைக்கரை: நம் கலைக்களஞ்சியக் கட்டுரை, வானிலை அறிவியலாளர் அன்னா மணியை ‘பெண் என்பதால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டவர்’ என்றுதான் அறிமுகம் செய்கிறது. அப்புறம் வைரத் தோடு கதை: எட்டாவது பிறந்தநாளுக்குத் தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்றாராம். வானிலைக் கருவிகளுக்குக் கடைசியில் ஒன்றரை வரி! முதல் பத்தியை மாற்றப் போகிறேன். ஆட்சேபம் உண்டா?

நிலாமுற்றம்: உண்டு. பட்டம் மறுக்கப்பட்ட செய்தியைக் கீழே தள்ளினால் யார் கண்ணிலும் படாது. பெங்களூரில் இயற்பியலாளர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தவர் அவர். ஒரு நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, படத்தகட்டில் பதிக்கவே 15, 20 மணி நேரம் பிடிக்கும்; பல இரவுகள் அங்கேயே கழிந்தன. 1942 முதல் 1945க்குள் தனிப்பெயரில் 5 கட்டுரைகள். ஆய்வேட்டையும் முடித்துக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து உதவித்தொகையில் போனவருக்கு இந்தப் பதில்!

ஏட்டுச்சுவடி: சொல்லப்பட்ட காரணம் எம்.எஸ்சி. தானே? ‘பெண் என்பதால்’ என்று நாமாக எழுத முடியாது. சான்று இல்லாத வரியை எடுக்கத்தான் வேண்டும்.

நிலாமுற்றம்: சரி, அந்தச் சொல்லை எடுங்கள். ஆனால் அந்த ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதையே ராமன் விரும்பவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. அதைச் சேர்க்க வேண்டும்.

வைகைக்கரை: தாராளமாக, தனித் துணைத்தலைப்பில். நடந்தது அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 1948இல் லண்டனிலிருந்து திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தாரே, அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே. வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளில் ஏறக்குறைய 100க்கு வரைபடம் போட்டு, இங்கேயே செய்ய வழி பண்ணினார். 1957-58இல் சூரியக் கதிர்வீச்சை அளக்க நாடெங்கும் நிலையங்கள். 1980இல் வந்த அவருடைய கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, சூரிய மின்சாரம் பற்றி யோசித்தவர்களுக்கு அடிப்படை நூல். இதெல்லாம் முதல் பத்தியில் இல்லாவிட்டால், அவரை ஏன் நினைக்கிறோம் என்றே புரியாதே!

நிலாமுற்றம்: அப்படியென்றால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரட்டும்: முனைவர் பட்டம் இல்லாமலே வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார் என்று. அப்புறம், தோடு கதையைத் தூக்கிவிடாதீர்கள். என் மகள் அதைப் படித்துவிட்டுத்தான் மீதிக் கட்டுரைக்கே போனாள்.

வைகைக்கரை: ‘இளமை’ பகுதியில் வைக்கிறேன். ராத்திரி முதல் பத்தியை எழுதி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.